மகனின் ராஜினாமாவில் அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, ஆட்டிசம் உண்டு. மாற்றுத்திறனாளி அட்டையும் இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் எட்டு மாதமாக டேட்டா என்ட்ரி பார்க்கிறான். வேலையில் குறை சொன்னதில்லை. சீட்டைப் பெரிய ஹாலுக்கு மாற்றியதிலிருந்து சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் போய் நிற்கிறானாம். "சீட்டில் இருப்பதில்லை" என்று இரண்டு மெமோ. இப்போது என்னை அழைத்து, அவனுக்காக ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்.

பதில்: எழுதித் தராதீர்கள் ஐயா. 18 வயது முடிந்தவருக்கு, பெற்ற தகப்பன் என்பதாலேயே நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. சட்டப்படி உங்களைப் பாதுகாவலராக நியமித்திருந்தால்தான் அந்தப் பேச்சே வரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 3 பாகுபாட்டைத் தடுக்கிறது. நிறுவனத்துக்கு மிகையான சுமையாகாத மாற்றத்தைச் செய்ய மறுப்பதும் அச்சட்டப்படி பாகுபாடுதான். ஓரமாக ஒரு சீட், சத்தம் குறைக்கும் ஹெட்போன், நடுவில் பத்து நிமிட இடைவெளி: இதில் எது சுமை? செலவை உங்கள் தலையில் கட்டவும் அச்சட்டத்தின் 2017 விதிகள் விடாது.

மெமோவுக்கு வருவோம். மனநலக் குறைபாட்டால் வரும் நடத்தைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மனநலம் பாதித்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரியின் வழக்கு. அரசு வேலைக்கு உள்ள அத்தனை பாதுகாப்பும் தனியாரில் இல்லை, உண்மைதான். அதற்காகக் கையை விரிக்க வேண்டாம். 2016 சட்டத்தின் பிரிவு 21, சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கும் சொல்கிறது. ஹெச்.ஆரிடம் அதன் நகலைக் கேளுங்கள். பல இடங்களில் அந்தக் காகிதமே இருக்காது!

அப்புறம், இத்தனை எழுதிய நீங்கள் மகன் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. அங்கேயே தொடர விருப்பமா? வாயால் சொல்லத் தயங்கினால் டைப் செய்து காட்டட்டும். தொடரத்தான் விருப்பம் என்றால், என்ன மாற்றம் வேண்டும் என்று அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு நிறுவனத்துக்குக் கடிதம் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம். மெமோக்களின் நகல், அட்டை நகல், எட்டு மாத வேலைக் கணக்கு மூன்றையும் இணையுங்கள். அந்த வேலைக் கணக்கை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள், லாகின் முடக்கப்பட்டால் கிடைக்காது.