கிளாஸ்கோவில் காலைச் சாப்பாடு: பண்ணைக்காட்டுத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

கிளாஸ்கோ வந்து மூன்று மாசம் ஆகிறது, காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், இட்லி தோசைக்கு நேரமே இல்லை என்று எழுதியிருந்தாய். கூட வேலை பார்க்கும் பெண்கள் ராத்திரியே பாலில் ஓட்ஸை ஊறவைத்து, பாட்டிலோடு கொண்டு வந்து ஜில்லென்று சாப்பிடுகிறார்கள். நீயும் இரண்டு தடவை செய்து பார்த்தாய். பசை மாதிரி கொழகொழவென்று இருந்தது, ஒரு பச்சை வாசனை வேறு, கொட்டிவிட்டாய். இப்போது டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். "அக்கா, இத்தனை வருஷம் காலையில் நீங்கள் என்னதான் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய்.

அதே ஓட்ஸைத்தான் சாப்பிட்டேன். ஆனால் அதை நம் வீட்டு இனிப்பு மாதிரி செய்யப் பழகிய பிறகுதான் தொண்டைக்குள் இறங்கியது. அந்த வழியை இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. டீயும் பிஸ்கட்டும் வேண்டாம். நான் ஸ்காட்லாந்திலேயே டண்டீ நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் அப்படித்தான் இருந்தேன். அங்கே டிசம்பரில் பொழுது விடியவே எட்டே முக்கால் ஆகிவிடும். இருட்டில் எழுந்து, இருட்டில் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஒருநாள் பத்து மணிக்கு மருந்து கொடுக்கும் சுற்றில் கண் இருட்டி, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டி தன் டோஸ்ட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். பசி என்று யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டவளுக்கு அந்த ஒரு துண்டு ரொட்டி அழுகையை வரவழைத்துவிட்டது. உனக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது நான் லீவில் நம் பழனி மலையில் எங்கள் ஊரான தாண்டிக்குடிக்கு வந்திருக்கிறேன். காப்பிப் பழம் எடுக்கிற நேரம், களம் முழுக்கக் காய்கிறது. நேற்று ராத்திரி அம்மாவுக்காக ஒரு பாட்டில் ஓட்ஸ் போட்டு வைத்தேன். காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது பழைய சோத்துக்குப் பங்காளி முறையாச்சே" என்றார். சரியாகத்தான் சொன்னார். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் உப்புப் போட்டுக் கரைத்துக் குடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் நாம். ஊறவைத்துச் சாப்பிடுவது நமக்குப் புதுசா என்ன? பழைய சோறு வெளியில் இருந்து லேசாகப் புளிக்க வேண்டும், இது புளிக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதே. பால் சேர்ந்திருப்பதால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே பனி கொட்டுகிறதே என்று ஹீட்டர் ஓடும் சமையலறை மேடையில் விட்டுவிடாதே.

உன்னுடையது ஏன் கொழகொழத்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கடையில் போரிட்ஜ் ஓட்ஸ் என்று இருப்பதை எடுத்திருப்பாய், அல்லது சிரப் வாசனை சேர்த்த சின்னப் பொட்டலங்களை. பொட்டலத்தில் இருப்பது கிட்டத்தட்டத் தூள், அது ஊறினால் களிதான். ஜம்போ ஓட்ஸ் என்று கேட்டு வாங்கு. முழுத் தானியத்தைத் தட்டையாக்கியது, அவல் மாதிரி இருக்கும், ஊறினாலும் பல்லுக்குத் தெரியும். பின்ஹெட் என்று நொய் மாதிரி வெட்டியது ஒன்று கிடைக்கும். அது இதற்கு ஆகாது, காலையிலும் நறநறவென்றே இருக்கும்.

பச்சை வாசனைக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. ரவா கேசரிக்கு ரவையை வறுக்காமல் போடுவோமா? பாயசத்துக்குச் சேமியாவை வறுக்காமல் போடுவோமா? ஓட்ஸையும் நெய்யில் வறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு அடிகனமான சட்டியில் இரண்டு பெரிய ஸ்பூன் நெய் விட்டு, 400 கிராம் ஓட்ஸைக் கொட்டி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இரு. முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு நிமிஷத்தில் ஓரங்கள் லேசாகச் சிவந்து, கடலை வறுக்கிற மாதிரி ஒரு மணம் எழும். அப்போதே இறக்கித் தட்டில் பரப்பிவிடு, சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். நன்றாக ஆறினதும் டப்பாவில் போட்டு மூடு. பத்து நாள் காலைக்கு ஆச்சு. நெய் மேலே ஒட்டியிருப்பதால் பாலைச் சட்டென்று இழுத்துக் குழைந்து போவதும் குறையும். தனியாக நெய்யைப் பாட்டிலில் ஊற்றினால் ஃபிரிட்ஜில் கட்டி கட்டியாக உறைந்து நிற்கும், அதனால் இப்படி வறுக்கும்போதே சேர்ப்பதுதான் சரி.

வேகாத தானியத்தைச் சாப்பிடுகிறோமே என்று பயப்பட வேண்டாம். மில்லிலேயே ஆவியில் வேகவைத்துத்தான் உருளையில் தட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஓட்ஸில் இருக்கும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும்.

அளவு: ஆளுக்கு 40 கிராம், அதாவது குவித்த நாலு பெரிய ஸ்பூன். பால் 120 மில்லி. நீலமூடிப் பாலை வாங்கு, அதுதான் கொழுப்பு எடுக்காத முழுப் பால். பச்சைமூடி பாதி எடுத்தது, சிவப்புமூடி தண்ணீர் மாதிரி. ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம் போடு. ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சிக்கு உப்புத்தான் போடுவார்கள், அது இல்லாமல் இனிப்பும் எடுபடாது.

இனி இனிப்புகளுக்கு வருகிறேன். என் வீட்டில் அதிகம் செய்வது பஞ்சாமிர்த ஓட்ஸ். மலையடிவாரத்தில் பழனியை வைத்துக்கொண்டு வேறு எதை முதலில் சொல்வது? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது டண்டீயில் இதைத்தான் செய்து கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்தேன். நன்றாகக் கனிந்த ஒரு வாழைப்பழத்தைக் கையாலேயே பிசைந்துகொள். இரண்டு பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கு. கொஞ்சம் உலர்திராட்சை, ஒரு சின்ன ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஒரு ஏலக்காயைத் தட்டிய பொடி. எல்லாவற்றையும் வறுத்த ஓட்ஸோடும் பாலோடும் கலந்து மூடி வை. தேனையும் கற்கண்டையும் காலையில்தான் சேர்க்க வேண்டும். ராத்திரியே போட்டால் கற்கண்டு கரைந்துவிடும். பல்லில் நறுக்கென்று மாட்டும் அந்த ஒரு துண்டுதான் பஞ்சாமிர்தம் என்று நாக்குக்குச் சொல்லும்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மலைவாழை, விருப்பாச்சி, ஈரம் குறைந்தது, லேசான புளிப்பு உள்ளது. பஞ்சாமிர்தம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கெட்டியாக நிற்பதும் கெடாமல் இருப்பதும் அந்தப் பழத்தால்தான். கிளாஸ்கோவில் கிடைக்கும் நீளப் பழம் வழவழப்பும் ஈரமும் அதிகம். அதனால் தோலில் கரும்புள்ளி விழும்வரை வை, பிசையும்போது நாலு சொட்டு எலுமிச்சை விடு, பாலை 100 மில்லியாகக் குறை. முழுக்க அந்த ருசி வராது, கிட்டே வரும். நேற்று அம்மா இங்கே எங்கள் தோட்டத்துப் பழத்தில் ஒன்றை உரித்துப் போட்டுச் செய்தபோது, பத்து வருஷத்துக்கு மேல் நான் செய்துவந்தது இதன் நிழல்தான் என்று புரிந்தது. இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து நோய் வந்து எத்தனை தோட்டம் இந்த மரத்தை இழந்தது என்று உன் தாத்தாவைக் கேட்டால் சொல்லுவார். ஊருக்கு வரும்போது ஒரு சீப்புப் பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடு.

அடுத்தது கேரட் அல்வா. ஒரு கேரட்டைத் துருவி, அரை ஸ்பூன் நெய்யில் வதக்கி, பாதிப் பாலை அதிலேயே ஊற்றி ஐந்து நிமிஷம் சுண்டவிடு. பச்சையாகத் துருவிப் போட்டால் சாலட் வாசனைதான் வரும், அல்வா வராது. ஆறின பிறகு ஓட்ஸும் மீதிப் பாலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் சேர். முந்திரியை வறுத்துத் தனியாக வைத்துக் காலையில் தூவு.

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சுக்கும் போட்டால் பருப்புப் பாயச வாசனை வரும். டின் தேங்காய்ப்பால் ஃபிரிட்ஜில் இறுகிவிடும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிட்டே ஊற்று.

நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகிற நாளைத் தவிர மற்ற நாட்களுக்குக் காப்பி ஓட்ஸ் ஒன்று இருக்கிறது. கெட்டி டிகாக்‌ஷன் இரண்டு பெரிய ஸ்பூன், பால், கொஞ்சம் கெட்டித் தயிர், மேலே கோகோ தூவல். வெள்ளைக்காரப் பெண்கள் டிராமிசு என்ற காப்பி இனிப்பு மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அது எங்கள் களத்தில் காயும் காப்பியின் வாசனை.

அன்னாசி கேசரி மாதிரி செய்ய ஆசைப்படுவாய், நானும் பட்டேன். பச்சை அன்னாசியைப் பாலோடு ராத்திரி முழுக்க வைத்தால் கசந்துவிடும். அந்தப் பழத்தில் உள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. கிவியும் அப்படியே. டின்னில் வரும் அன்னாசி சூடுபட்டது, அதில் அந்தத் தொல்லை இல்லை.

நீ இருக்கிற நாட்டின் இனிப்பு ஒன்றையும் கற்றுக்கொள். க்ரானகன் என்று பெயர். வறுத்த ஓட்ஸ், ராஸ்பெரி, க்ரீம், தேன், கொஞ்சம் விஸ்கி. விஸ்கியை விட்டுவிட்டு, க்ரீமுக்குப் பதில் தயிர் போட்டால் காலைச் சாப்பாடாகிவிடும். ராஸ்பெரி வேறு எதுவும் இல்லை, நம் சோலை ஓரத்து முள்செடிகளில் கை கீறப் பறித்துத் தின்போமே, அதற்கு உறவு. ஃபிரீஸரில் கிடைப்பதே மலிவு. உறைந்தபடியே பாட்டிலில் போடு, விடிவதற்குள் உருகிச் சாறு இறங்கியிருக்கும்.

இதெல்லாம் இனிப்பின் வாசனைக்காகத்தான், சர்க்கரைக்காக இல்லை. சீஸ்கேக், பிரௌனி என்று பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொட்டிச் செய்வதைப் பார்ப்பாய். லீவு நாளில் ஆசைக்குச் சாப்பிடு. வேலை நாளில் அது பத்து மணிக்கே பசியைக் கூப்பிட்டுவிடும். ஏலக்காய், நெய், சுக்கு, பழம் இவை இருந்தால் ஒன்று, ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போதும். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது, நீ கொட்டின அந்தக் கொழகொழப்பே அதுதான். அதுதான் வயிற்றில் மெதுவாக இறங்கிப் பசியைத் தாங்கும், தினம் 3 கிராம் சேர்ந்தால் ரத்தக் கொழுப்பு குறையவும் உதவும். இப்படி ஊறவைத்துச் சாப்பிடுவது அந்தப் பக்கமும் பழசுதான்: சுமார் 1900-இல் ஜூரிக்கில் பிர்ச்சர் பென்னர் என்ற டாக்டர் தன் நோயாளிகளுக்கு ராத்திரி ஊறவைத்த ஓட்ஸில் ஆப்பிளைத் தோலோடு துருவி, எலுமிச்சையும் கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்து கொடுத்தார். அவர் கொடுத்ததில் ஓட்ஸ் ஒரே ஒரு ஸ்பூன்தான், பழம்தான் அதிகம்.

காலையில் ஜில்லென்று சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று உன் அம்மா போனில் சொல்கிறார்கள் என்றாய். அம்மா பேச்சைக் கேள், தப்பில்லை. பீங்கான் கிண்ணத்தில் மாற்றி ஒரு நிமிஷம் மைக்ரோவேவில் வை, கொஞ்சம் பால் தெளித்துக் கிளறு, அப்புறம் தேன் விடு. ஜனவரியில் நானும் அப்படித்தான்.

ஞாயிறு சாயங்காலம் மூன்று பாட்டில், புதன் சாயங்காலம் இரண்டு. அதற்கு மேல் ஒன்றாகப் போட்டு வைக்காதே, மூன்றாம் நாளைத் தாண்டினால் ருசி போய்விடும். வாழைப்பழம் போட்டதை முதலில் தீர்த்துவிடு, கறுத்துப்போகும்.

அடுத்த மாசம் முதல் வாரம் நான் திரும்புகிறேன். நெய்யும் பால்கோவாவும் கொடுத்துவிட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடு, இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை, ஏர்போர்ட்டில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நெய் கிளாஸ்கோவிலேயே கிடைக்கும். ஏலக்காய், நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, காப்பித்தூள் கொடுத்துவிடச் சொல். நான் ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு போகிறேன், வழியில் பண்ணைக்காட்டில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும்.

அக்கா