கடலே இல்லாத ஊரில் பிறந்தவர், தனியாளாகப் போகும் கடல் பந்தயத்துக்குத் தயாராக முடியுமா? அந்தத் தைரியம் எப்படி வரும்?

முடியுங்க. நான் ஈரோடு மாவட்டம், அரச்சலூர் பக்கம். அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் மினி டிரான்சாட் பாய்மரப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். "மேட்டாங்காட்டுக்காரனுக்குக் கடல்ல என்ன வேலை?" என்று உங்கள் வீட்டிலும் யாரோ கேட்டிருப்பார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். நீச்சல் தெரியாவிட்டால் முதலில் அதைப் பழகுங்கள். நான் வாய்க்காலில் பழகினேன்.

தைரியத்தை விடுங்கள், தூக்கம்தான் பெரிய பாடு. ஆறரை மீட்டர் பாய்மரப் படகு, பிரான்ஸிலிருந்து கரீபியன் வரை சுமார் 4,000 கடல் மைல், கைப்பேசி கிடையாது. அதற்கு முன் 1,000 மைல் தனியாக, எங்கும் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அடிவானத்தில் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும். அதனால் இருபது இருபது நிமிடமாகத்தான் தூங்க முடியும்.

போன வருடம் பிரான்ஸின் லோரியான் துறைமுகத்திலிருந்து பயிற்சிக்குப் போன இரண்டாம் இரவு, அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டேன். தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட்டைக் காற்றின் கோணத்தைப் பிடித்துப் போகும்படி வைத்திருந்தேன். காற்று திரும்பியதும் படகும் கூடவே திரும்பி, மீன்பிடி படகுகளுக்கு நடுவே போய்விட்டது. இன்ஜின் சத்தத்தில் விழித்தபோது ஒரு படகின் விளக்கு என் பாயில் விழுந்துகொண்டிருந்தது. சுக்கானை எப்படித் திருப்பினேன் என்று இன்றும் நினைவில்லை.

கரைக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அலாரத்தை நம்பாத சாமி. தண்ணிச் சத்தத்துல காதை வெச்சுட்டுப் படு. சத்தம் மாறுனா காதே எழுப்பிப்போடும்" என்றார். முறைத்தண்ணீர் வரும் இரவுகளில் அவர் வரப்பில்தான் படுப்பார். வயல் நிறைந்து சத்தம் மாறியதும் எழுந்து மடை மாற்றுவார். அந்தத் தண்ணீராவது ஒழுங்காக வருகிறதா? மேல்மடையில் மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். ஐந்து மணி நேர முறையில் கடைமடைக்காரர் எங்களுக்கு இரண்டு மணி நேரம் வந்தால் பெரிது. மனு கொடுத்து மூன்று வருடம் ஆகிறது, ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

வயலும் கடலும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. அலாரத்தை இப்போதும் வைக்கிறேன். ஆனால் படகின் அடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகிய பிறகு, காற்று மாறினால் பெரும்பாலும் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது.

பயம் எல்லோருக்கும் உண்டு. நம் நாட்டுப் பாய்மரப் படகு வீரர் அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், 2018-இல் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் ஒடிந்து, முதுகில் அடிபட்டு, நகர முடியாமல் படகிலேயே கிடந்தார். மூன்றாம் நாள்தான் மீட்டார்கள். அதே பந்தயத்துக்குத் திரும்பப் போய், 2023-இல் இரண்டாவதாக வந்தார். அவர் முன்னால் நான் இன்னும் எதையும் செய்யவில்லை.

ஆகஸ்டில் என் 1,000 மைல். எங்கள் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறப்பதும் வழக்கமாக அப்போதுதான். அப்பாவும் வரப்பில் படுத்திருப்பார்.