கடல் நீலப்பச்சைப் பாக்டீரியா சூட்டை எப்படிச் சமாளிக்கிறது?

ஊட்டியில் இளங்கலை படிக்கும் தம்பியின் கேள்வி: சினெக்கோகாக்கஸ் என்ற கடல் நீலப்பச்சைப் பாக்டீரியா சூட்டுக்கு எப்படிப் பழகுகிறது, முனைவர் பட்டம் முடித்தவர்கள் அதில் இன்னும் என்ன தேடுகிறார்கள்?

முதல் சிக்கல், செல்லை மூடியிருக்கும் கொழுப்பாலான சவ்வு. உங்கள் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், சூரியகாந்தி எண்ணெய் ஓடும். நிறைவுற்ற கொழுப்பு எளிதில் இறுகும், அதுதான் காரணம். சூட்டில் சவ்வு அளவுக்கு மீறி இளகுவதால், செல் அந்தக் கொழுப்பின் பங்கைக் கூட்டிக்கொள்கிறது. அப்புறம், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குலைந்த புரதங்களை மடித்துச் சீராக்கும். ஒளிச்சேர்க்கையில் சட்டென்று அடிவாங்குவது இரண்டாம் ஒளித்தொகுதி, அதாவது ஒளியைக்கொண்டு நீரைப் பிளக்கும் புரதத் தொகுப்பு. அதன் மையத்தில் உள்ள டி1 என்ற புரதத்தை ஓயாமல் மாற்றியாக வேண்டும்.

இப்படிப் பழகுவதில் மரபணு மாறுவதில்லை; அது பரிணாமத்தின் வேலை. திடீரெனச் சூடேற்றினால் சாகும் ஆய்வக பாக்டீரியா வளர்ப்பு, மெல்லச் சூடேற்றினால் பிழைத்துவிடலாம். அந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்பதுதான், என்னைக் கேட்டால், சுவாரசியமான கேள்வி.