மாடிக்காரங்க

அன்புள்ள ஐயா,

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. குடும்பத்தோடு கொரட்டூரில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர், எதிரே இரண்டு குடும்பம், எல்லாரும் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பார்த்தால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். வீடு பார்க்கப் போனபோது ‘எந்த ஊரு, என்ன ஆளுங்க’ என்று கேட்டதோடு சரி. எங்களுக்குத்தான் பழகத் தெரியவில்லையா?

- ஒரு வாசகர், கொரட்டூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேல் தப்பே இல்லை. நான் சைதாப்பேட்டையில் பிறந்தவன். எங்கள் வீட்டு மாடியில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. எங்களுக்கு அவர்கள் ‘மாடிக்காரங்க’. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, எங்கள் போரும் வற்றியது. மெட்ரோ வாட்டர் லாரி சில நாள் நடுராத்திரியில்தான் வரும். மாடி வீட்டு அம்மா முதல் நாளே எங்கள் குடங்களையும் சேர்த்து வரிசையில் வைத்துவிட்டார். நாங்கள் கேட்கவில்லை. லாரிக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகளில்தான் அவர் ஊர் ஏரி, நாற்று நட்ட கதை, மகனின் பாலிடெக்னிக் படிப்பு எல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது. அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். என் மனைவியும் அவரும் இன்றும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

முன்பு ஒண்டுக்குடித்தனத்தில் எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல். சண்டை போடவாவது பேசித்தான் ஆக வேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர், வாஷிங் மெஷின். யார் கதவையும் தட்ட வேண்டிய வேலையே இல்லை. உங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த ‘என்ன ஆளுங்க’ கேள்வியை அப்படி விட்டுவிட முடியாது. அது சாதி விசாரிப்பு. வாடகைக்கு வீடு தேடி அலைகிறவரை நிற்க வைத்து அப்படிக் கேட்பது அசிங்கம். என் உறவுக்காரர்களே அப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது வாய் திறக்காமல் இருந்தது என் தப்பு.

‘நீங்களே போய்ப் பேசுங்கள்’ என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் பேச வேண்டியது நாங்கள்தான். இதைப் படிக்கிற சென்னைக்காரர்களிடம் கேட்கிறேன்: பொங்கல் முடிந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விடிகாலையில் மூட்டையோடு படியேறுகிறவர்களைப் பார்த்தால், ‘ஊர்ல மழை உண்டா, வெள்ளாமை எப்படி?’ என்று நின்று கேளுங்கள்.

அன்புடன்.