மூட்டையோடு மேடு ஏறினால் மட்டும் அணையும் மின் சரக்கு மூன்றுசக்கர வண்டி

மூட்டையோடு மேடு ஏறினால் வண்டி அணைகிறது, மோட்டாரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். வெறும் வண்டி ஓடுகிறது, பாரத்தோடு மேட்டில் அணைகிறது, சாவியைத் திருப்பினால் மறுபடி கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிதான்.

உங்களுடையது நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்கிறீர்கள், மொத்தம் 48 வோல்ட். ஒன்று சோர்ந்தாலும் பாரத்தில் மொத்த வோல்டேஜ் சரியும். அது 42 வோல்ட் அருகே வந்தால், மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும்.

1. முதலில் டெர்மினல்களை, அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனைகளைப் பாருங்கள். தளர்ந்தோ கருகியோ இருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.
2. முழு சார்ஜில், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் வயரை ஒவ்வொரு பேட்டரியிலும் மாற்றி மாற்றி இறுக்கி மாட்டி, பாரத்தோடு வேறொருவரை மேடேற்றச் சொல்லுங்கள். நிற்கும்போது காட்டும் அளவை நம்பாதீர்கள், செத்த பேட்டரியும் அப்போது நல்ல பிள்ளையாக 12.6 காட்டும். ஓட்டத்தில் 10.5-க்குக் கீழே எது விழுகிறதோ அதுதான் சோர்ந்த பேட்டரி.

பழைய மூன்றோடு புதிது ஒன்றைச் சேர்த்தால் அதுவும் சீக்கிரம் கெடும். நான்கையும் மாற்றுவதே நல்லது.