பெரிய ஒற்றைச் சக்கர சைக்கிள்: பெடல் ஏன் கழன்று விழுகிறது?

36 அங்குல ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பார்சலில் வரவழைத்து மதுரையிலேயே, நாமே மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் முதல் வண்டிக்கு 29 அங்குலம்தான் நல்லது. அந்த அளவு எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டியூப் இங்கே சைக்கிள் கடைகளிலேயே கிடைக்கும். 36தான் வேண்டுமென்றால் உதிரி டியூபையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.

கவனமெல்லாம் பெடலில் இருக்கட்டும். கிராங்கிலும் (பெடலைச் சக்கர அச்சோடு இணைக்கும் கை) பெடல் அச்சிலும் எல் (இடது), ஆர் (வலது) என்று பொறித்திருக்கும். எல் பெடலின் மரை தலைகீழ். இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். கோணலாக நுழைந்ததை ஸ்பேனரால் நெம்பினால் அலுமினியக் கிராங்கின் மரை போயே போய்விடும்.

சீட்டில் உட்கார்ந்தால் எல் கிராங்க் இடக்காலுக்கு வர வேண்டும். சக்கரம் திருப்பி மாட்டப்பட்டிருந்தால் ஓட்ட ஓட்டப் பெடல் தானே கழன்றுவிடும். பேரிங் மூடிப் போல்ட்டுகளை அளவாக இறுக்குங்கள், மிஞ்சினால் சக்கரம் சரளமாகச் சுற்றாமல் பிடிக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் கிராங்க் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.