உயிரியலுக்கு நினைவாற்றல் மட்டும் போதுமா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் உயிரியலை விரும்பித்தான் எடுத்தேன். ஆனால் வாயில் நுழையாத பெயர்கள் பாடத்துக்குப் பாடம் பெருகிக்கொண்டே போகின்றன. பலமுறை படித்து, முக்கியமான வரிகளுக்கு வண்ணம் தீட்டியும், முதல் தேர்வில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. மனப்பாடத் திறன் இல்லாதவர்கள் இப்பாடத்தில் சிறக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அது பழகிப்போவதால், புரிந்துவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது. புத்தகம் இல்லாமல் அதை எடுத்து எழுதும் பயிற்சியோ தேர்வு அறையில்தான் முதன்முதலாக நடக்கிறது. உங்களுக்கு மதிப்பெண் குறைந்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

செல் உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் செல் சுவாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதை விட்டுவிட்டு, கார்பன் அணுக்களுக்கு மட்டும் கணக்கு எழுதிப் பாருங்கள். 6 கார்பன் கொண்ட குளுக்கோஸ், சைட்டோபிளாசத்தில் தலா 3 கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்த ஒவ்வொரு பைருவேட்டும் ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக இழந்து, 2 கார்பன் கொண்ட அசெட்டைல் தொகுதியாகிறது. அது 4 கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டேட்டுடன் சேர்ந்து 6 கார்பன் கொண்ட சிட்ரிக் அமிலத்தைத் தருகிறது. சுற்று முடிவதற்குள் மேலும் 2 கார்பன்கள் வெளியேறிவிட, பழைய 4 கார்பன் சேர்மமே மீண்டும் கிடைக்கிறது. இரண்டு பைருவேட்டுகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் 6 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளிவந்திருக்கும், கணக்கு நேராகிவிடும். இதை எழுதிப் பார்த்தவருக்கு, இந்தச் சுற்று ஏன் கிரெப்ஸ் சுழற்சி எனப்படுகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. (ஹான்ஸ் கிரெப்ஸ் இதை 1937-இல் கண்டறிந்தார் என்பதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.)

இனச்செல்களை உருவாக்கும் குன்றல் பகுப்பிலும் எண்களையே பின்தொடருங்கள். மனிதனின் 46 குரோமோசோம்கள் முதல் பகுப்பிலேயே செல்லுக்கு 23 ஆகிவிடுகின்றன. இரண்டாம் பகுப்பில் பிரிபவை சகோதரி குரோமேட்டிடுகள், அதாவது ஒரே குரோமோசோமின் இரு நகல்கள். பலர் மதிப்பெண்ணை இழப்பது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு பாடத்தையும் முடித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதி, விடுபட்டவற்றை வேறு நிற மையால் நிரப்புங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் இதையே செய்யுங்கள். தொடக்கத்தில் தாள் பாதிக்குமேல் காலியாக இருப்பது இயல்புதான். ஹார்மோன்கள், அவற்றைச் சுரக்கும் சுரப்பிகள் போன்றவற்றை மட்டும் மனப்பாடம் செய்தே தீரவேண்டும். அதற்குக் குறுக்குவழி இருப்பதாக நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: எனக்குப் படம் வரைய வராது. அதனால் மதிப்பெண் குறையுமா?

பதில்: ஓவியத் திறமை தேவையில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானை வரையும்போது பௌமானின் கிண்ணம் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான கார்டெக்ஸிலும், ஹென்லே வளைவு உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்கியும் இருக்கவேண்டும். பாகங்களைக் குறிக்கும் கோடுகள் உரிய பகுதியைத் தொட்டு நிற்கவேண்டும். இவை சரியாக இருந்தால், கோடு சற்றுக் கோணலாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.